சுழல்கை ஒளியியல் மேசை: எதை வாங்குவது, எதைச் செய்துகொள்வது?

கல்லூரி ஆய்வகத்துக்கு ஒரு கருவி வாங்க வேண்டுமானால், மூன்று விலைப்புள்ளிகளைப் பெற்று, அவற்றை ஒப்பீட்டுப் பட்டியலாக எழுதிக் கொள்முதல் குழுவின் முன் வைக்க வேண்டும். பட்டியலில் விலை இருக்கும், உத்தரவாதக் காலம் இருக்கும், "கோணத் துல்லியம்" என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொரு விற்பனையாளரும் எழுதித் தந்த ஓர் எண்ணும் இருக்கும். எங்கள் முதுகலை இயற்பியல் ஆய்வகத்துக்குச் சுழல்கை ஒளியியல் மேசை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அந்த மூன்றாவது எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. கை எவ்வளவு நுட்பமாகத் திரும்புகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது என்பதைச் சொல்வதில்லை. ஒளி அளவீட்டில் பிழை பெரும்பாலும் இரண்டாவதில்தான் ஒளிந்திருக்கிறது.

சுழல்கை மேசை என்று நான் குறிப்பிடுவது மிக எளிய ஓர் அமைப்பையே. ஒரு மேசையின் நடுவில் செங்குத்தான அச்சு. அச்சின் மேல் மாதிரியை வைக்கும் சிறு மேடை. அதே அச்சைச் சுற்றி வரும் ஒரு கை. கையின் முனையில் ஒளி உணரி. லேசரோ விளக்கோ மேசையில் அசையாமல் இருக்க, மாதிரியில் பட்டுத் திரும்பும், ஊடுருவும் அல்லது சிதறும் ஒளியை எந்தக் கோணத்தில் எவ்வளவு வருகிறது என்று உணரி பதிவு செய்யும். பட்டப்படிப்பில் முப்பட்டகத்தை வைத்துச் சோடியம் விளக்கின் மஞ்சள் கோட்டைத் தேடிய எவருக்கும் இது புதிதன்று; நிறமாலைமானியின் தொலைநோக்கி அமர்ந்திருப்பதும் ஒரு சுழல்கையில்தான். 1814இல் பிரான்ஹோபர் சூரிய நிறமாலையின் கருங்கோடுகளை அளந்தபோது, நில அளவைக்குப் பயன்படும் தியோடலைட்டின் தொலைநோக்கியைத்தான் முப்பட்டகத்தின் பின்னால் வைத்தார். நில அளவையாளரின் வட்டமே ஒளியியலாளரின் வட்டமாகவும் ஆனது.

எங்களுக்கு இந்த மேசையில் நான்கு வேலைகள் இருந்தன. முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணையும் உள்ளீடற்ற முப்பட்டகத்தில் ஊற்றிய திரவத்தின் ஒளிவிலகல் எண்ணையும் காண்பது முதலாவது. கண்ணாடித் தகட்டிலும் மெல்லேட்டிலும் எதிரொளிப்பு கோணத்துக்கேற்ப எப்படி மாறுகிறது என்று வரைவது இரண்டாவது. ஒரே தளத்தில் அதிரும் ஒளி (தளவிளைவுற்ற ஒளி) எதிரொளிக்காமல் முழுவதும் உள்ளே புகும் படுகோணத்தைத் தேடும் புரூஸ்டர் கோணச் சோதனை இதில் அடங்கும். எல்இடி விளக்கின் ஒளிச்செறிவு திசைக்குத் திசை எவ்வாறு குறைகிறது என்பது மூன்றாவது. நீர்த்த பால், தேய்த்த கண்ணாடி, வெள்ளைத் தாள் போன்றவை ஒளியைச் சிதறடிக்கும் விதம் நான்காவது. இந்த நான்கும் கருவியிடம் கேட்பது ஒன்றே அன்று என்பதைக் குழுவுக்குப் புரியவைப்பதில்தான் என் நேரத்தின் பாதி போயிற்று.

முதல் இரண்டு வேலைகளையும் எண்களோடு பார்த்தால் வேறுபாடு விளங்கும். 60 டிகிரி முப்பட்டகத்தின் சிறும திசைமாற்றக் கோணத்தை, அதாவது அது ஒளியைத் திருப்பும் மிகக் குறைந்த கோணத்தை, 1 கோண நிமிடம் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) பிழையோடு படித்தால், 1.515 என்ற ஒளிவிலகல் எண்ணில் ஏற்படும் பிழை ஏறக்குறைய 0.0002 மட்டுமே. அதே கண்ணாடியின் புரூஸ்டர் கோணத்தில் அதே 1 நிமிடப் பிழை ஒளிவிலகல் எண்ணில் 0.001 அளவுக்குப் பிழையாகிறது, அதாவது ஐந்து மடங்கு. தவிர, புரூஸ்டர் கோணத்தில் எதிரொளிப்பு சுழியை நெருங்கும் பள்ளம் மிகத் தட்டையானது: கோணத்திலிருந்து ஒரு டிகிரி விலகினாலும், படுதளத்துக்கு இணையாகத் தளவிளைவுற்ற ஒளியில் 0.012 விழுக்காடுதான் திரும்புகிறது. பள்ளத்தின் அடியைக் கண்ணால் தேடுவது வீண் வேலை. இரு பக்கச் சரிவுகளிலும் பல புள்ளிகளை எடுத்து வளைகோடு பொருத்துவதே வழி; அதற்கு ஒற்றை வாசிப்பின் நுட்பத்தைவிட, நூறு வாசிப்புகளை அலுப்பில்லாமல் எடுக்கும் வசதியே முக்கியம். ஆகவே முதல் வேலைக்கு நல்ல வட்ட அளவுகோல் வேண்டும். இரண்டாவது வேலைக்குத் தளராத அச்சும் பொறுமையும் வேண்டும். மூன்றாவது வேலைக்கு ஒரு டிகிரி நுட்பமே தாராளம். நான்காவதற்கு, கோணத்தைவிட இருட்டும் உணரியின் வீச்சும் முதன்மையானவை.

அச்சைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்தத் தவறும் ஒரு காரணம். சில ஆண்டுகளுக்கு முன் 500 மி.மீ. நீளமுள்ள ஒரு கையை நாங்களே பொருத்தி, 6 மி.மீ. தடிப்புள்ள பிகே7 என்னும் ஒளியியல் கண்ணாடித் தகட்டின் புரூஸ்டர் கோணத்தை 632.8 நானோமீட்டர் லேசரால் அளந்தோம். கையின் கோணத்திலிருந்து படுகோணத்தைக் கணக்கிட்டதில், மாணவர்கள் ஒவ்வொரு முறையும் 1.50ஐ ஒட்டிய விடையையே கொண்டுவந்தார்கள். கண்ணாடிக்குப் பாடநூல் சொல்லும் எண் 1.50 என்பதால் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. மூன்றாம் இலக்கம் வரை விடை மாறாமல் வந்ததில் எனக்குப் பெருமைகூட. இந்தக் கண்ணாடிக்கு இந்த அலைநீளத்தில் 1.515 அல்லவா வர வேண்டும் என்று ஒரு மாணவி கேட்ட பிறகே மேசையைக் குனிந்து பார்த்தேன். தகட்டின் நடுத்தடிப்பு அச்சின் மேல் இருந்தது. எதிரொளிக்கும் முன்முகமோ அச்சிலிருந்து 3 மி.மீ. முன்னால் இருந்தது. முகம் இப்படி விலகியிருந்தால், எதிரொளித்த கற்றை அந்த விலகலின் இருமடங்கைப் படுகோணத்தின் சைனால் பெருக்கிய தொலைவுக்குப் பக்கவாட்டில் நகரும். எங்கள் கணக்கில் அது 5 மி.மீ.; 500 மி.மீ. கையில் 0.57 டிகிரி, படுகோணத்தில் அதன் பாதி, ஒளிவிலகல் எண்ணில் 1.515க்குப் பதில் 1.50. கோணத்தை ஆயிரத்தில் ஒரு டிகிரி வரை காட்டும் திரையை வைத்திருந்தாலும் இந்தப் பிழை அப்படியே இருந்திருக்கும்.

இனி, கிடைக்கக்கூடிய வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் நிறமாலைமானியையே அளவீட்டு மேசையாக மாற்றிக்கொள்வது. நம் கல்லூரிகளில் உள்ளவற்றில் பல அம்பாலாவில் செய்யப்பட்டவை. அரை டிகிரிப் பிரிவுகளும் 30 பிரிவு வெர்னியரும் கொண்டவை. மீச்சிற்றளவு 1 நிமிடம். தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையைக் கழற்றிவிட்டு, அதே குழாயில் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒரு சிறு சிலிக்கான் போட்டோடையோடைக் கறுப்புத் தாள் சுற்றிச் செருகினால், கண்ணால் பார்த்த கருவி அளக்கும் கருவியாகிவிடுகிறது. இந்தக் கருவியை எல்லாரும் பழையது என்று ஒதுக்குகிறார்கள். அதன் அருமை அதன் அச்சில் இருக்கிறது. தொலைநோக்கியும் முப்பட்டக மேடையும் ஒரே கூம்பு அச்சைப் பங்கிட்டுக்கொள்வதால், இரண்டும் ஒரே மையத்தைச் சுற்றுகின்றன. அப்படியும் வட்ட அளவுகோலின் மையம் அச்சிலிருந்து சற்றே பிறழ்ந்திருக்கலாம்: 80 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 0.05 மி.மீ. பிறழ்வு 2 நிமிடத்துக்கு மேல் பிழை தரும். அதை நீக்கத்தான் 180 டிகிரி எதிரெதிராக இரண்டு வெர்னியர்கள் வைக்கப்பட்டிருக்கின்றன; இரண்டின் சராசரியில் இந்தப் பிழை தானாகவே மறைந்துவிடுகிறது. முதலாண்டு மாணவர்கள் ஒரு வெர்னியரைப் படித்து மற்றதைக் கற்பனையில் நிரப்புவது எல்லா ஆய்வகங்களிலும் நடப்பதுதான். கருவி செய்தவர் பிழைநீக்கத்துக்காகவே வைத்த உறுப்பைப் பயனற்றதாக்கும் வேலை அது.

இதன் குறைகளும் தெளிவானவை. கை குட்டையானது, அதன் மேல் கனமான உணரியை ஏற்றினால் தொலைநோக்கி தாழ்ந்து கற்றை உயரத்தை விட்டுவிடும். முப்பட்டக மேடை உள்ளங்கையளவுதான் என்பதால் பெரிய மாதிரியோ வெப்பக்கலனோ அதில் நிற்காது. கை குட்டையாக இருப்பதால் மாதிரி முகத்தின் சிறு விலகலும் பெரிதாகத் தெரியும். நான் மேலே சொன்ன 3 மி.மீ. தவறு 150 மி.மீ. கையில் ஏறக்குறைய இரண்டு டிகிரியாகியிருக்கும். ஆனால் தொலைநோக்கியை முடிவிலிக்குக் குவித்து இணைக்கற்றையில் அளந்தால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்குகிறது, ஏனெனில் முடிவிலிக்குக் குவித்த வில்லை கற்றை எந்தத் திசையில் வருகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது, எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பார்ப்பதில்லை. நிறமாலைமானியைச் சரிசெய்யும்போது தொலைவிலுள்ள தென்னை மரத்தைப் பார்த்துத் தொலைநோக்கியைக் குவிக்கச் சொல்வதன் உட்பொருள் இதுவே.

இரண்டாவது வழி, நடுவில் கீல் வைத்த தண்டவாள ஒளிமேடை. இரண்டு தண்டவாளங்கள் ஒரு கோணமானியின் மேல் சந்திக்கும். ஒன்று நிலையாக இருக்கும், மற்றது திரும்பும். விலை குறைவு, கை நீளம், எவ்வளவு கனமான பொருளையும் தாங்கும், வில்லைகளை வரிசையாக நிறுத்தலாம். கோணமானியோ ஒரு டிகிரிப் பிரிவு கொண்டது. அதைக்கூட மன்னித்துவிடலாம். நான் பார்த்தவற்றில் மன்னிக்க முடியாதது கீலின் ஆட்டம்: ஊசிக்கும் துளைக்கும் இடையே 0.1 மி.மீ. இடைவெளி இருந்தால் கை ஒவ்வொரு முறையும் வேறு வேறு மையத்தைச் சுற்றும், ஒரே நிலைக்குத் திரும்பிவந்தாலும் வாசிப்பு மாறும். எல்இடியின் ஒளிப்பரவல், தளவிளைவாக்கியைத் திருப்பும்போது ஒளி எப்படிக் குறைகிறது என்று சொல்லும் மாலஸ் விதி, வகுப்பறைச் செய்துகாட்டல் ஆகியவற்றுக்கு இது போதும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்ப்பது இதற்கும் நியாயமன்று.

மூன்றாவது, விற்பனையாளர்கள் முதலில் எடுத்து வைக்கும் வழி: துளைகள் நிறைந்த அலுமினியப் பலகையின் மேல் இரண்டு மோட்டார் சுழல்மேடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அமைத்து, கீழுள்ளது கையையும் மேலுள்ளது மாதிரியையும் திருப்ப, கணினி இரண்டையும் ஆள்வது. எதிரொளிப்பு அளவீட்டில் மாதிரி ஒரு பங்கு திரும்பினால் உணரி இரண்டு பங்கு திரும்ப வேண்டும். கையால் செய்யும்போது அலுத்துப்போகும் இந்த வேலையைக் கணினி களைப்பின்றிச் செய்யும். இரவில் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுப் போனால், காலையில் 0.1 டிகிரி இடைவெளியில் முழு வளைகோடும் தயாராக இருக்கும். இதன் உண்மையான மதிப்பு இதுதான், திரையில் தெரியும் இலக்கங்கள் அல்ல.

அந்த இலக்கங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று கணக்குப் போட்டால் மயக்கம் தெளியும். ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்ட ஸ்டெப்பர் மோட்டார் ஒரு படிக்கு 1.8 டிகிரி திரும்பும். ஒரு படியை 16 நுண்படிகளாகப் பிரித்து, 180க்கு 1 என்ற வார்ம் கியரின் (திருகு போன்ற தண்டு பற்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு; தண்டு 180 சுற்றுச் சுற்றினால் மேடை ஒரு சுற்று) வழியே செலுத்தினால், ஒரு நுண்படிக்கு 0.000625 டிகிரி. விலைப்புள்ளியில் "நுட்பம்" என்று இந்த எண்ணை எழுதிவிடுகிறார்கள். நுண்படிகள் சம அளவில் விழுவதில்லை. வார்ம் கியரின் பற்கள் ஒரு சுற்றுக்குள் ஏறி இறங்கும் பிழை கோண நிமிடக் கணக்கில் இருக்கலாம். திசை மாறும்போது பற்களுக்கிடையேயுள்ள தளர்ச்சி, பட்டறைக்காரர்கள் "பிளே" என்று சொல்வது, வாசிப்பில் அப்படியே ஏறும். எப்போதும் ஒரே திசையிலிருந்து நெருங்கி நிறுத்தினால் கடைசிக் குறை அடங்கும். முதலிரண்டும் அடங்க வேண்டுமானால், மோட்டார் முனையில் அன்றி அச்சிலேயே கோண அளவி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட மேடையின் விலை வேறொரு வகுப்பில் இருக்கிறது. விலைப்புள்ளி கேட்கும்போது "எத்தனை டிகிரிப் படி" என்று கேட்காமல், "கோண அளவி எங்கே இருக்கிறது, அச்சின் தள்ளாட்டம் எவ்வளவு" என்று கேட்டால், பாதிப் பேர் பதில் எழுதமாட்டார்கள். பதில் எழுதாததும் ஒரு தகவல்தான்.

இன்னொரு கவலையும் உண்டு. இயக்கியும் மென்பொருளும் ஒரே நிறுவனத்தின் பூட்டிய பெட்டிக்குள் இருந்தால், ஐந்தாறு ஆண்டு கழித்துக் கணினியை மாற்றும்போது நல்ல நிலையில் உள்ள மேடையும் இரும்பாகக் கிடக்கும். கட்டளைகளை எழுத்தாகவே அனுப்பி இயக்கக்கூடிய, கட்டளைப் பட்டியல் கையேட்டிலேயே அச்சிடப்பட்ட இயக்கியைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது வழியை எந்த விற்பனையாளரும் எங்களிடம் சொல்லவில்லை. கோவையில் இருப்பதால் கண்ணில் பட்டது. மில்லிங் இயந்திரங்களில் பொருளைத் திருப்பிச் செதுக்கப் பயன்படும் ரோட்டரி டேபிள் ஒன்றை வாங்கி, அதன் மேல் கையை நாமே பொருத்திக்கொள்வதுதான் அது. 90க்கு 1 என்ற வார்ம் கியர் கொண்ட மேசையில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 4 டிகிரி திரும்பும். கைப்பிடி வளையத்தில் நிமிடக் குறிகள் இருக்கும். உலோகம் செதுக்கும் விசையைத் தாங்கச் செய்யப்பட்டது என்பதால், ஒன்றிரண்டு கிலோ எடையுள்ள கை அதற்கு ஒரு பொருட்டே அன்று. நடுவே குறுகிச்செல்லும் துளை இருப்பதால், லேத்தில் கடைந்த ஒரு தண்டை அதில் அமர்த்தினால் மாதிரியின் மையமும் கையின் மையமும் தாமாகவே ஒன்றிவிடும். மேற்பரப்பின் டி வடிவக் காடிகளில் அலுமினியச் சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்கினால் கை தயார்.

கை வளையாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. 40 மி.மீ. சதுர வெட்டுமுகம் கொண்ட அலுமினியச் சட்டத்தில், 500 மி.மீ. தொலைவில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் முனை 0.1 மி.மீ.க்கும் குறைவாகவே தாழும். அது மட்டுமன்று, அந்தத் தாழ்வு எல்லாக் கோணங்களிலும் ஒரே அளவாக இருக்கும் என்பதால், உணரியின் உயரத்தை ஒருமுறை சரிசெய்தால் முடிந்தது. அஞ்ச வேண்டியது மாறாத தாழ்வை அன்று, கோணத்துக்குக் கோணம் மாறும் தள்ளாட்டத்தை; அது பிறப்பது சட்டத்தில் அன்று, பேரிங்கில். கையைப் பட்டறையில் செய்துகொள்ளலாம், அச்சை மட்டும் செய்துகொள்ள முடியாது என்று நான் முடிவு செய்ததற்கு இதுவே அடிப்படை.

இந்த வழியிலுள்ள சிக்கல், மாதிரி மேடையும் கையோடு சேர்ந்து சுற்றிவிடும் என்பது. ரோட்டரி டேபிளின் மேல் சிறு சுழல்மேடை ஒன்றை வைத்தால், கை 20 டிகிரி போகும்போது மாதிரியும் 20 டிகிரி போய்விடும். எதிரொளிப்புக்கு அது 10 டிகிரி மட்டுமே திரும்பியிருக்க வேண்டும் என்பதால் மேல்மேடையை 10 டிகிரி பின்னால் திருப்ப வேண்டும். கணக்கு எளிது, மாணவர் கையில் பிழைக்கு இடம் அதிகம். மாற்றாக, மேசையின் இரு ஓரங்களிலும் தூண் நிறுத்தி, குறுக்குப் பாலத்திலிருந்து மாதிரி மேடையைத் தலைகீழாகத் தொங்கவிடலாம். அப்போது மாதிரி கையைச் சாராமல் நிற்கும், ஆனால் இரண்டு அச்சுகளையும் ஒன்றச் செய்யும் வேலை நம் தலையில் விழும். தூண்கள் மறைக்கும் கோணங்களில் அளக்கவும் முடியாது.

கையே இல்லாத வழி ஒன்றும் உண்டு; மூன்றாவது வேலைக்கு அதுவே மேல். உணரியை அசையாமல் நிறுத்தி, எல்இடியை மட்டும் ஒரு சுழல்மேடையில் திருப்பினால், ஒரே அச்சோடு வேலை முடிகிறது, உணரியின் கம்பியும் அசைவதில்லை. எல்இடிக்குச் சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் (சிஐஇ) பரிந்துரைப்படி, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள உணரியை 316 மி.மீ. அல்லது 100 மி.மீ. தொலைவில் வைக்க வேண்டும் என்பதால், தொலைவை மாற்றும் வசதி மட்டும் வேண்டும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கிலுள்ள தேசிய அளவியல் நிறுவனத்தில், எதிரொளிப்புத் தரத்தை நிறுவும் கருவியிலும் உணரிப் பக்கம் அசைவதில்லை: ரோபோ ஒன்று மாதிரியைப் பிடித்துச் சாய்க்க, ஒளிமூலம் அதைச் சுற்றி வருகிறது. கனமான நிறப்பிரிப்பானைக் கையில் தூக்கிச் சுற்றுவதைவிட விளக்கைச் சுற்றுவது எளிது. ஆனால் நம்முடைய ஒளிமூலம் லேசர் என்பதால், அதைக் கையில் ஏற்றிச் சுற்றக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கற்றை அறை முழுவதும் வீசிச் செல்லும். மேசைமட்டத்தில் போகும் கற்றை, நாற்காலியில் அமர்ந்து குறிப்பெடுக்கும் மாணவரின் கண்மட்டத்தில் இருக்கும். லேசர் அசையாவிட்டாலும், மாதிரி ஒரு டிகிரி திரும்பினால் எதிரொளித்த கற்றை இரண்டு டிகிரி திரும்புகிறது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், மேசையைச் சுற்றிக் கறுப்புத் தகட்டால் வேலி கட்டுவதைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

மேசையைப் பற்றி ஒரே வார்த்தை. காற்றில் மிதக்கும் அதிர்வுத் தடுப்பு மேசை இந்த வேலைக்கு வேண்டியதில்லை. அலைநீளத்தின் பின்னத்தை அளக்கும் குறுக்கீட்டுச் சோதனைகளுக்கு அது தேவை. மில்லிமீட்டர் அளவுள்ள உணரியில் ஒளியைச் சேர்க்கும் நமக்குச் செங்கல் மேடையின் மேல் பதித்த கிரானைட் பலகையே போதும். அதில் மிச்சமாகும் தொகையை உணரியில் போடலாம்.

உணரிதான் மேசையின் உண்மையான கோண நுட்பத்தை முடிவு செய்கிறது என்பதை விலைப்புள்ளிகள் பேசுவதே இல்லை. 500 மி.மீ. தொலைவில் 5 மி.மீ. அகலத் திறப்பு 0.57 டிகிரியை ஒரே வாயில் விழுங்கும்; அதன் முன் 0.5 மி.மீ. பிளவை வைத்தால் 3.4 நிமிடமாகச் சுருங்கும், ஒளியும் பத்தில் ஒன்றாகும். புரூஸ்டர் பள்ளத்தில் இது உறைக்கும்: ஒரு மில்லிவாட் லேசரில், பள்ளத்திலிருந்து அரை டிகிரி தள்ளி நின்றால் திரும்பும் ஒளி சுமார் 30 நானோவாட், சிலிக்கான் உணரியில் அது தருவது 10 நானோஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம். கூரை விளக்கின் ஒளி அதைவிட அதிகமாக உணரிக்குள் கசியும். நம் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அறை விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. லேசரை விட்டுவிட்டு மறைக்கும் வெட்டுச் சக்கரத்தை 100இன் மடங்குகளிலிருந்து விலக்கி, நொடிக்கு 137 முறை வெட்டுவது போன்ற வேகத்தில் சுழற்றி, அந்த அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுத்தால் இரைச்சல் நீங்கும். லேசரின் திறனே மெல்ல ஏறி இறங்கும் என்பதால், மாதிரிக்கு முன்பே ஒரு கண்ணாடித் துண்டால் சிறு பங்கைப் பிரித்து இரண்டாவது உணரியில் வாங்கி, விகிதத்தைப் பதிவு செய்ய வேண்டும். கையின் முனைக்கு ஒளியிழையைக் கொண்டுபோய், உணரியைக் கீழே வைக்கலாமே என்ற யோசனை கவர்ச்சியானது. கை திரும்பத் திரும்ப இழை வளைந்து, கடத்தும் ஒளி மாறுவதால், கோணத்தால் வந்த மாற்றம் எது, வளைவால் வந்த மாற்றம் எது என்று பிரிக்க முடியாமல் போகும். உணரியும் அதன் முதல் பெருக்கியும் கையின் முனையிலேயே இருக்கட்டும். நீண்ட கம்பியில் வலுவான மின்னழுத்தமே வரட்டும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டு நான் குழுவுக்குப் பரிந்துரைத்தது ஒரே கருவியை அன்று. ஒளிவிலகல் எண்ணுக்குப் பழைய நிறமாலைமானிகளில் அச்சு தளராத ஒன்றைத் தேர்ந்து, போட்டோடையோடு பொருத்திக்கொள்வது; இதற்குச் செலவு மிகச் சொற்பம். எதிரொளிப்புக்கும் சிதறலுக்கும் ரோட்டரி டேபிளின் அச்சும், பட்டறையில் செய்த 500 மி.மீ. கையும், மேலே விலைக்கு வாங்கிய ஒரே ஒரு மோட்டார் சுழல்மேடையும். கையின் கைப்பிடியில் பின்னர் ஒரு மோட்டாரைப் பொருத்தலாம். முதல் ஆண்டு கையாலேயே சுற்றட்டும். எல்இடி அளவீட்டுக்கு அதே மோட்டார் மேடையைக் கழற்றிக் கிரானைட்டின் மேல் வைத்தால் போதும். மோட்டார் அமைப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வாங்குவதே மேல் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். பட்டறைக்கு அலையவும், சரிசெய்துகொண்டே இருக்கவும் ஆள் இல்லாத துறையில் அவர்கள் சொல்வதே சரி. ஒரு நல்ல ஆய்வக உதவியாளர் இருப்பதை நம்பித்தான் எங்கள் முடிவு நிற்கிறது.

கொள்முதல் ஆணையில் விலையோடும் உத்தரவாதத்தோடும் ஏற்புச் சோதனை ஒன்றையும் நிபந்தனையாக எழுதச் சொன்னேன். அச்சின் நடுத்துளையில் தேய்த்து மெருகேற்றிய எஃகு ஊசியை நிறுத்தி, நூறில் ஒரு மில்லிமீட்டர் காட்டும் டயல் கேஜின் முனையை அதில் தொடவைத்து மேசையை முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். முள் ஆடும் மொத்த அளவு, ஊசியின் மையப் பிறழ்வின் இருமடங்கு. பிறகு டயல் கேஜை அதே இடத்தில் வைத்து, மாதிரி மேடையின் நடுவில் நிறுத்திய வேறோர் ஊசியில் தொடவைத்து மேசையை மறுபடி முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். இப்போது முள் சொல்வது, இரண்டு அச்சுகளும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதை. 500 மி.மீ. கையில் 1 நிமிடம் என்பது 0.145 மி.மீ.தான் என்பதால், இரண்டாவது சோதனையில் முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் பொருளைத் திருப்பி அனுப்பலாம் என்று வரம்பு வைத்தோம். கடைசியாக, கையைப் பூட்டிவிட்டு அதன் முனையில் ஒரு சிறு கண்ணாடியை ஒட்டி, அதில் பட்ட லேசர்ப் புள்ளியை 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் விழவைத்து, கையை விரலால் மெல்லப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். விரலை எடுத்ததும் புள்ளி சுவரில் பென்சிலால் போட்ட குறிக்கே திரும்பி வருகிறதா என்பதைக் குழுவின் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.